காதுக்குள்ளே கல்!

நடுவர் அவர்களே! "திறமைக்கு வேர் அறிவே" என்று எதிரணித் தம்பி அடித்துப் பேசிவிட்டுப் போனார். இந்தச் சேத்துப்பட்டுப் பக்கத்துல தறியில உட்காருகிறவரைக் கேளுங்க. நாடா ஓடும்போது கை யோசிக்குதா? மிதிக்கிற கால் யோசிக்குதா? பழக்கம்யா, பழக்கம்! (கைதட்டல்)

சுபான்ஷு சுக்லா, விமானப்படை விமானி. 2025 ஜூன் 25-ல் டிராகன் விண்கலத்துக்கு விமானியாகப் போனார். ஜூலை 15-ல் திரும்பினார். வந்தவர் மடிக்கணினியை மூடிக் கட்டில் ஓரமா விட்டார், மிதக்கும்னு! தொப்புனு விழுந்துச்சு. (சிரிப்பு) பூமிக்கு வந்தாச்சுன்னு அவர் அறிவுக்குத் தெரியாதா?

உட்காதுக்குள்ளே பொடிப்பொடியாச் சுண்ணாம்புக் கற்கள் இருக்கு. தலை சாய்ந்தா, தம் எடையால் அவை சரியும், சாய்வு தெரியும். எடையில்லாத இடத்துல அந்தச் சேதி வராது. மூளை அதற்குப் பழகிவிடும். திரும்பும்போது அந்தப் பழக்கமும் கூடவே வருது! விண்ணில் ஆறு மாதம் இருந்தவர்களைத் திரும்பிய அன்றே, பாவனைக் கார் ஓட்டச் சொல்லிச் சோதித்தார்கள். தடுமாறினாங்க. நாலு நாள்ல சரியாச்சு.

தரையில் கார் சரி. கலத்தை இறக்குகிற நேரத்துல தடுமாறினால்? டிராகனைக் கணினியே இறக்குது, விமானி கண்காணிக்கிறார். "கணினி அறிவுதானே?" என்பார் தம்பி. அதுக்குக் காது இல்லீங்களே ஐயா!