ஊரை இடித்தார்கள், பெயரையும் அழித்தார்கள்

(கோவில்பட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் கயத்தாறு வழியாகத்தான் போகிறீர்கள். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்ட ஊர் அது. அதுவரை உங்களுக்குத் தெரியும், சினிமாவிலும் பார்த்திருக்கிறீர்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். மே 24-ம் தேதி வெள்ளையர் அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அத்தோடு விட்டார்களா? ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கினார்கள். அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று நம் கரிசல் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தென்சீமைக் கிளர்ச்சிக்காரர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள்.

கோட்டையை இடித்தவனுக்கு ஊர்ப் பெயர் மேல் என்ன கோபம்? பைத்துல் முகத்தஸின் சரித்திரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கி.பி. 66-ல் யூதர்கள் ரோமப் பேரரசை எதிர்த்தார்கள். ஆலயக் கருவூலத்தில் ரோம அதிகாரி கை வைத்தது அதற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று. 70-ல் டைட்டஸ் நகரைப் பிடித்து ஆலயத்தை எரித்தான். அந்த ஆலயத்துக்கு அவர்கள் ஆண்டுதோறும் செலுத்திய காணிக்கையை, இனி ரோமின் ஜூபிடர் கோயிலுக்கு வரியாகக் கட்டச் சொன்னார்கள். நம்மிடம் ஜகாத்தைப் பிடுங்கிச் சிலைக்குக் கொடுப்பது போல! 132-ல் மறுபடியும் கிளர்ச்சி. 135-ல் ஹட்ரியன் அதை ஒடுக்கி, யூதர்கள் நகருக்குள் வரவே தடை விதித்தான். ஜெருசலேம் என்ற பெயரை எடுத்துவிட்டுத் தன் குடும்பப் பெயரால் ‘ஏலியா’ என்று வைத்தான்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்டும். புகாரியில் ஹிர்கல் மன்னரும் அபூஸுஃப்யானும் சந்தித்த ஹதீஸில் வருகிறதே ‘ஈலியா’, அது இதுதான்! ஓதிய காலத்தில் அது ஏதோ அரபுப் பெயர் என்றே நினைத்திருந்தேன். ஐந்நூறு ஆண்டு கழிந்தும் ஹட்ரியன் வைத்த பெயர்தான் மக்கள் நாவில் இருந்தது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அந்நகரம் முஸ்லிம்கள் வசம் வந்த பிறகே யூதக் குடும்பங்கள் மீண்டும் அங்கே குடியேற முடிந்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யூதர் என்றாலே வசைபாடும் சில பேச்சாளர்களுக்கும் சொல்லுங்கள். 1948-ல் ஏழு லட்சம் பாலஸ்தீனர்களை வீடு வாசல் விட்டுத் துரத்தியவர்களை நாம் எதிர்க்கிறோம். ரோமனிடம் அடிபட்ட மக்களை அல்ல.

இன்னொன்று. ரோமர்கள் ஒரே நாளில் யூதர் அனைவரையும் விரட்டினார்கள் என்பது சரியல்ல. அலெக்சாந்திரியாவிலும் பாபிலோனிலும் ரோமிலும் அவர்கள் முன்பே வியாபாரிகளாக, குடிகளாக இருந்தார்கள். 135-க்குப் பிறகும் கலிலேயாவில் பலர் தங்கினார்கள். அங்கேதான் சுமார் 200-ல் தங்கள் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்தார்கள். ஆலயம் போயிற்று, நகரம் போயிற்று. ஓதுவதையும் தொகுத்து வைப்பதையும் அவர்கள் விடவில்லை. நம் பக்கத்துக் கேரளத்திலேயே பாருங்கள். ஜோசப் ரப்பானுக்கு அரசர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000-ல் வழங்கிய செப்பேட்டைக் கொச்சி யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் காத்தார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? தாத்தா வக்ஃபு செய்த நிலம் என்போம். பத்திரம் எங்கே என்றால், பழைய முத்தவல்லி வீட்டுப் பரணில் என்போம். பரணில் கரையான். 2025 வக்ஃபு திருத்தச் சட்டம் வந்துவிட்டது. பத்திரமின்றி, நெடுநாள் புழக்கத்தால் மட்டும் வக்ஃபான சொத்தைப் புதிதாகப் பதிய அதில் இடமில்லை. கோர்ட்டில் நாம் வாதாடுவோம், இன்ஷா அல்லாஹ். வக்கீல் முதலில் கேட்பது காகிதத்தை.

ஆகவே வரும் ஜும்ஆவுக்கு வரும்போது, உங்கள் வீட்டில் உள்ள பள்ளிவாசல், கபரஸ்தான் சம்பந்தமான பத்திரம், தீர்வை ரசீது, பழைய கணக்கு நோட்டு எதுவானாலும் எடுத்து வாருங்கள். நகல் எடுத்து அசலை அன்றே திருப்பித் தருவோம். கையெழுத்துப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் நான்கு பேர் அஸர் வரை தங்க வேண்டும்.