கீசர் மாத்துறதுக்கு முன்னாடி சாக்கெட்டைத் திறந்து பாருங்க

போன வாரம் எங்க வேளச்சேரி வீட்டு கீசரை மாத்தினோம். பன்னிரண்டு வருஷப் பழசு. "குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குதுடா"ன்னு அம்மா ரெண்டு மாசமா சொல்லிட்டே இருந்தாங்க. "ஈரக் கைம்மா, அப்படித்தான் இருக்கும்"னு ஹெட்போனைக் கழட்டாமலே பதில் சொன்னேன். இன்ஜினியரிங் படிச்சவன் வேற!

எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து கழட்டினார். போர் தண்ணி உப்பு ஹீட்டிங் காயில் மேல கெட்டியா படிஞ்சிருந்தது. சூடு வெளியே போக வழியில்லாம காயில் வெடிச்சு, கரண்ட் தண்ணிக்குள்ள கசிஞ்சிருக்கு.

"புதுசு மாட்டினா சரியாயிடும்ல?"ன்னு கேட்டேன். அவர் சாக்கெட்டைத் திறந்து காட்டினார். மூணு ஓட்டை, ஆனா ரெண்டே ஒயர். எர்த் இல்லவே இல்லை.

15 லிட்டர், 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதனால் 16 ஆம்பியர் சாக்கெட், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மூணுமே வேணும். கசிவு வந்தா ஆர்சிசிபி உடனே கரண்ட்டை நிறுத்திடும். இன்னொண்ணு: தண்ணி சூடாகி விரியும்போது சேஃப்டி வால்வுல சொட்டலாம். அதை மட்டும் அடைச்சிடாதீங்க.

கீசர் மாட்ட ஆன நேரத்தைவிட ஒயரிங்குக்குத்தான் அதிகம் ஆச்சு. அம்மா இன்னமும் விரல் நுனியால தொட்டுப் பார்த்துட்டுத்தான் குழாயைத் திறக்கிறாங்க.

உங்க வீட்ல யாராவது "சுர்ருங்குது"ன்னு சொன்னா, முதல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பாட்காஸ்ட் அப்புறம் கேட்கலாம்.