கண்ணும் கருவியும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் கண்டி வாவிக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைப்பித்த வாவி அது. கரையிலே ஒரு வாங்கில் சிறுவன் ஒருவன் அமர்ந்து, கைத்தொலைபேசியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். விரல் நுனியால் தொட்டான், பந்து பறந்தது. மறுபடி தொட்டான், விக்கெட் சாய்ந்தது. அந்த விளையாட்டில் வெயில் இல்லை, வியர்வை இல்லை, பந்து தொலைந்து தேடுவதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, அதிலே சண்டை இல்லை. நடுவரும் இயந்திரம், வீசுபவனும் இயந்திரம் என்றால் யாரோடு யார் சண்டையிடுவது?

அன்று பொழுது சாயும் வேளையில் கட்டுகஸ்தோட்டையிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் ஒழுங்கையிலே வேறொரு கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. பழைய பலகை ஒன்று மட்டை. மூன்று கற்களை அடுக்கிய குவியல் விக்கெட். ஆட்டம் நின்றுபோய்ச் சண்டை உச்சத்தில் இருந்தது. என்னைக் கண்டதும் ஒருவன் ஓடிவந்தான்.

“மாமா, நீங்களே சொல்லுங்கள். இவன் பந்தை வீசுகிறானா, எறிகிறானா?”

குற்றஞ்சாட்டப்பட்டவன் மெலிந்த சிறுவன். கண்கள் கலங்கியிருந்தன. எனக்காக ஒருமுறை வீசிக் காட்டினான். கவனித்துத்தான் பார்த்தேன். ஆனால் கண்டது வீச்சா, எறிதலா என்று என்னால் துணிந்து கூற இயலவில்லை. “தம்பி, இருட்டிவிட்டது, நாளை பார்ப்போம்” என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

அன்றிரவு எனக்கு ஒரு நினைவு வந்தது. இதே கேள்வியை, இதே ஊரில் வளர்ந்த ஓர் இளைஞனைப் பார்த்து உலகம் முழுவதும் பத்தாண்டுக் காலம் கேட்டதல்லவா? அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு சற்றே நினைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முத்தையா முரளிதரன் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியிலே பிறந்தார். அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்தவர். தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். முரளிதரன் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். தொடக்கத்தில் மிதவேகமாகப் பந்துவீசிய மாணவனைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்தின் பக்கம் திருப்பியவர் அவருடைய பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொழும்பிலே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முரளிதரன் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார்.

அவருடைய வலக்கை முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. மணிக்கட்டோ வியக்கத்தக்க அளவுக்குச் சுழலக்கூடியது. தோளும் அவ்வாறே. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பந்துவீச்சைப் படைத்தன. சந்தேகத்தையும் அவையே படைத்தன.

1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள். மெல்பேர்ண் மைதானம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். நடுவர் டரல் ஹெயர் கையை நீட்டி ‘நோ போல்’ என்றார். பந்து எறியப்பட்டது என்பது அதன் பொருள். மூன்று ஓவர்களில் ஏழு தடவை அவ்வாறு அறிவித்தார். இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே நாளில் அதே பந்துவீச்சாளர் மறுமுனைக்குச் சென்று மேலும் பல ஓவர்களை வீசினார். அந்த முனையில் நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றுமே கூறவில்லை. ஒரே நாள், ஒரே கை; இரண்டு கண்களுக்கு இரண்டு உண்மைகள்!

அடுத்த மாதமே பிறிஸ்பேனில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் வேறொரு நடுவர் அவரை ஏழு தடவை நிறுத்தினார். லெக் பிரேக் முறையில் மாற்றி வீசிப் பார்த்தபோதும் அது ஏற்கப்படவில்லை. அந்த நடுவர்களின் நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. கண்டதைத்தான் அவர்கள் கூறினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கண்டது உண்மையா என்பதுதான் கேள்வி.

கிரிக்கெட் விதி கூறுவது யாது? கை மடங்கியிருத்தல் குற்றமன்று. மடங்கிய கை, பந்து விடுபடும் வேளையில் நீளுதலே குற்றம். ஆகவே வளைந்தே இருக்கும் கை ஒன்று வளைந்தபடியே சுழன்று வருமானால் அது முறையான வீச்சே. ஆனால் அதனை எப்படிக் கண்டறிவது?

நீங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நடுவில் வளைந்த ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கின் முன்னே பிடித்து, அதன் நிழலைச் சுவரில் விழவிட்டு, குச்சியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கணம் நிழல் நேராகத் தோன்றும். மறுகணம் வளைந்து தோன்றும். குச்சி நீளவுமில்லை, மடங்கவுமில்லை. நீண்டதாகவும் மடங்கியதாகவும் நிழல்தான் நம்மை நம்பச் செய்கிறது. மைதானத்தில் ஒரே இடத்தில் நிற்கும் நடுவருக்கும், வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் நமக்கும் கிடைப்பது ஏறக்குறைய அந்த நிழலே.

இந்த இடத்தில்தான் விஞ்ஞானம் துணைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டில் பேர்த் நகரிலுள்ள மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும், ஹொங்கொங்கிலும் முரளிதரனின் கை சோதிக்கப்பட்டது. கண்ணுக்கு எறிவதுபோலத் தோன்றுவது ஒரு தோற்ற மயக்கமே என்று முடிவாயிற்று. குற்றஞ்சாட்டிய நடுவர்களின் நாடு எதுவோ, குற்றத்தைத் துடைத்த ஆய்வுகூடங்களில் ஒன்றும் அந்த நாட்டிலேயே இருந்தது.

பிற்காலத்தில் இச்சோதனை மேலும் நுட்பமாயிற்று. தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஒளியைத் திருப்பும் சிறு குமிழ்களை ஒட்டுவார்கள். சுற்றிலும் பல கமராக்கள் நிற்கும். சாதாரணத் தொலைக்காட்சிக் கமரா நொடிக்கு இருபத்தைந்து படங்கள் எடுக்கும் என்றால், இவை இருநூறுக்கு மேல் எடுக்கும். எல்லாக் கமராக்களின் படங்களையும் ஒன்றுசேர்த்து, முழங்கை ஒவ்வொரு கணத்திலும் எத்தனை பாகை நீண்டது என்பதைக் கணினி கணக்கிட்டுச் சொல்லும். நிழலை விட்டுக் குச்சியையே அளக்கும் முறை இது.

ஆயினும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. 2004ஆம் ஆண்டில் முரளிதரனின் ‘தூஸ்ரா’ என்ற பந்தைப் பற்றி மீண்டும் முறையீடு எழுந்தது. அக்காலத்தில் சுழற்பந்து வீசுவோருக்கு 5 பாகையும், மிதவேகக்காரருக்கு ஏழரைப் பாகையும், வேகப்பந்து வீசுவோருக்கு 10 பாகையும் எல்லையாக இருந்தன. அவருடைய தூஸ்ராவோ முதற் சோதனையில் 14 பாகை காட்டியது. பயிற்சிக்குப் பின் ஏறத்தாழ 10 ஆகக் குறைந்தது. எனினும் 5 என்ற எல்லையைத் தாண்டியதாகையால் அப்பந்தை வீசலாகாது என்று தடைவிதித்தார்கள். அவர் எஃகுக் கம்பிகள் பொருத்திய உறையை முழங்கையில் அணிந்து, கை நீள வழியே இல்லாதவாறு கட்டிக்கொண்டு, கமராவின் முன் வீசிக் காட்டினார். ஒரு கலைஞன் தன் கலை களவன்று என்று மெய்ப்பிக்கக் கையில் இரும்பு பூட்டிக்கொண்டு நின்ற அந்தக் காட்சியை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

பிறகுதான் கதையில் திருப்பம் நேர்ந்தது. இதுவரை கருவியைச் சந்தேகத்துக்குரியவர்கள் மீதே திருப்பி வந்தார்கள். 2004ஆம் ஆண்டு செப்தெம்பரில் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில், யார் மீதும் குற்றம் சாட்டாமல், பல நாட்டுப் பந்துவீச்சாளர்களையும் விரைவுக் கமராக்களால் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். தெரியவந்தது என்ன? ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் சிறிதேனும் நீள்கிறது! எவரும் ஐயுறாத, நேர்த்தியானவை என்று போற்றப்பட்ட வேகப்பந்து வீச்சுகளிற் சிலவும் 10 பாகையைத் தாண்டியிருந்தன. பழைய எல்லையை அப்படியே கடைப்பிடித்தால் குற்றவாளிக் கூண்டில் இடம் போதாது என்ற நிலை ஏற்பட்டது.

சர்வதேச கிரிக்கெட் பேரவை விதியைத் திருத்தியது. 2005ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் முதல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வந்தது. ஏன் 15? ஏறத்தாழ அந்த அளவைத் தாண்டும்போதுதான் நீட்சி வெறுங்கண்ணுக்குப் புலனாகிறது என்று நிபுணர்கள் கூறினார்கள். கருவியின் அளவை விதியாக்கும்போதும் மனிதக் கண்ணையே அதற்கு எல்லைக்கல்லாக நாட்டினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

முரளிதரனுக்காகவே விதி வளைக்கப்பட்டது என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு விடை பிற்காலத்தில் கிடைத்தது. 2014ஆம் ஆண்டில் அதே 15 பாகை எல்லையைக் கொண்டு சோதித்தபோது, நம் நாட்டுச் சசித்ர சேனாநாயக்கவும் பாகிஸ்தானின் சயீத் அஜ்மலும் தடைசெய்யப்பட்டனர். சேனாநாயக்க தம் வீச்சைத் திருத்திக்கொண்டு மீண்டும் அனுமதி பெற்றார். அளவுகோல் நாட்டையும் பார்க்கவில்லை, புகழையும் பார்க்கவில்லை.

2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை முரளிதரன் கடந்தார். பிறந்த ஊரில், சொந்த மக்களின் முன்னே அது நிகழ்ந்தது. அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்ட் ஆட்டமும் அதுவே. அதன்பின் பெரிய ஆட்டங்கள் பல்லேகலைக்கு மாறிவிட்டன. 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்து அவர் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விடைபெற்றார்.

நேயர்களே, கிரிக்கெட்டில் ஆர்வமில்லாதவர்கள் “இதில் எங்களுக்கு என்ன?” என்று கேட்கலாம். கண்டியைச் சூழ்ந்த மலைகளைச் சற்றே நிமிர்ந்து பாருங்கள். கண்டிக்குப் புகையிரதம் வந்த 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அன்று முதல் இன்று வரை மலையகத் தமிழ்ப் பெண்ணின் ஒரு நாள் உழைப்பை நிர்ணயிப்பது கொழுந்து மடுவத்துத் தராசு. தராசின் முள்ளைப் படிப்பவர் ஒருவர். கொழுந்து பறித்தவர் வேறொருவர். முள் எங்கே நின்றது என்று கேட்கும் துணிவு எல்லோருக்கும் வந்துவிடாது. இப்பொழுது பல இடங்களில் மின்னணுத் தராசு வந்திருக்கிறது. எண் பளிச்சென்று ஒளிர்கிறது, இருவருக்கும் தெரிகிறது. இது நல்லதே. ஆனால் மழையீரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோவைக் கழிக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்தக் கழிவு எவ்வளவு என்பதைத் தராசு சொல்வதில்லை. அதை மனிதனே தீர்மானிக்கிறான்.

முழங்கைக்கு எத்தனை பாகை என்பதும், கொழுந்துக்கு எத்தனை கிலோ கழிவு என்பதும் ஒரே இனத்துக் கேள்விகள். கருவி அளந்து சொல்லும். எல்லை எது, அதை யாருக்கெல்லாம் வைப்பது, யார் கூடியிருந்து வைப்பது என்பவற்றை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒருவனை மட்டும் அளக்கும் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அதனால் நீதி கிடைக்காது. 1996இலும் கருவி இருந்தது. ஆயினும் எல்லோரையும் அளந்த பிறகுதான் உண்மை முழுமையாக வெளிப்பட்டது.

எங்கள் ஒழுங்கைச் சண்டையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மாலை நான் சென்றபோது, சிறுவர்கள் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். இப்போதைய தொலைபேசிகளில் அசைவை மெதுவாக்கிக் காட்டும் வசதி உண்டல்லவா? மெலிந்த சிறுவன் வீசுவதைப் படம்பிடித்திருந்தார்கள். “பார், பார், கை நீளுகிறது!” என்று ஒருவன் கூவினான்.

மெலிந்தவன் அழவில்லை. பந்தை எடுத்துக் கூவியவன் கையில் கொடுத்தான்.

“இப்போது நீ வீசு. உன்னையும் எடுப்போம். பிறகு எல்லோரையும் எடுப்போம்.”

கூட்டம் ஒரு கணம் மௌனமாயிற்று. பிறகு ஒவ்வொருவனாக வீசத் தொடங்கினார்கள். முடிவு என்னவாயிற்று என்பதை அறிய நான் நிற்கவில்லை. அந்தச் சிறுவன் கேட்டது சரியான கேள்வி என்ற நிறைவோடு வீட்டுக்கு நடந்தேன்.