களையெடுக்கும் இயந்திரம் கிளம்பவில்லையா?

(நெய்வேலி நகரியத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



கரும்பு நட்ட முதல் மூன்று மாதங்கள் களையை விட்டுவைக்கக் கூடாத காலம். 30, 60, 90ஆம் நாள்களில் களையெடுத்தால்தான் தூர் நன்றாகக் கட்டும். மார்கழியில் நட்டவர், தை மாதத்தில் பவர் வீடரை வெளியே எடுக்கிறார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறதே தவிர, இயந்திரம் கிளம்புவதில்லை. பட்டறையில் போட்டுவிட்டு நாலு நாள் காத்திருந்தால் களை முந்திக்கொள்ளும்.

மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்த பெட்ரோல் இயந்திரத்தில் பெரும்பாலும் எஞ்சின் கெட்டிருக்காது; எரிபொருள்தான் கெட்டிருக்கும்.

இன்று விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். நாள்பட்ட பெட்ரோலோ பிசினாகி, கார்புரேட்டர் ஜெட்டின் நுண்துளையை அடைக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில் வேலையைத் தொடங்குங்கள். பீடி, அடுப்பு அருகில் கூடாது.

முதலில், சில முறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. சோக், ஏர் ஃபில்டர், தீப்பொறி ஆகியவற்றைக் கவனியுங்கள். செம்மண் புழுதி அடைத்த ஃபில்டரும் கரும்புகையைத் தரும்.

பிளக் காய்ந்திருந்தால், கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, காக்கைத் திறந்து, பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். தடையின்றி வராவிட்டால் ஃபில்டரிலோ காக்கிலோ அடைப்பு. புட்டியைச் சற்று அசையாமல் வையுங்கள். அடியில் தனிப்படலம் தெரிந்தால், அல்லது புளித்த வாடை வீசினால், டேங்கை முழுதும் வடித்துப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள்.

பெட்ரோல் நன்றாக வந்தும் கிளம்பாவிட்டால், அல்லது சோக் போட்டால் மட்டும் ஓடினால், ஜெட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைப் பெட்ரோலில் கழுவிக் காற்றடியுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெருத்தால் எரிபொருள் வீணாகும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிந்தால், மிதவையின் ஊசியில் தூசி சிக்கியிருக்கும்.

கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறதா? டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். அதன்பின் ஓடினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது.

இவ்வளவும் பார்த்தும் பிளக்கில் தீப்பொறி இல்லையென்றால், அப்போது மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

வருமுன் காப்பது இதைவிட எளிது. ஐப்பசி மழைக்கு முன் டேங்கை வடித்துவிட்டு, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணத்தில் எஞ்சியதையும் வடியுங்கள். கால் மணி நேர வேலைதான். இதைச் செய்து வைத்தால், தை மாதத்தில் களை உங்களை முந்தாது.