நிலைநிறுத்திய நுண்ணுயிர்கள்



பாக்டீரியா உயிரணுக்களை ஒரு பொருளில் பிணைத்து வைத்து, அவற்றை வினையூக்கியாகப் பயன்படுத்தும் முறை வேதித்தொழிலில் உண்டு. அதற்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லை நேராகப் பெயர்த்தால் ‘முடக்கம்’ என்று வரும். ‘முடக்கிய உயிரணு’ என்று படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? செயலற்றுப்போன உயிரணு என்றுதானே? நடப்பதோ அதற்கு நேர்மாறு.

நம் தோட்டப்புறத்து முதியோர் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தென்னம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் கள். பழகிய கலயத்தின் சுவரில் முந்தைய கள்ளின் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். புதுச்சாறு வந்து விழும், கள் வெளியேறும், வேலை செய்பவை கலயத்திலேயே தங்கிவிடும். (கள்ளைப் புகழ இதைச் சொல்லவில்லை. தோட்டங்களில் அது குடித்த கூலி எவ்வளவு என்பதை நாம் அறிவோம்.) திரவம் போக, உயிரணு தங்கும் இந்த ஒழுங்குதான் என் பேச்சின் பொருள்.

1973ஆம் ஆண்டு, ஜப்பானின் தனாபே செய்யாக்கு நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டாவும் அவர்தம் குழுவினரும் இவ்வொழுங்கை ஆலை அளவில் நிறுவினர். எஷெரிக்கியா கோலி பாக்டீரியாவைப் பாலிஅக்ரிலமைடு என்னும் கூழ்மத்துள் அடைத்து, அக்கூழ்மத்துண்டுகளால் ஓர் உருளைக்கலத்தை நிரப்பினர். ஒரு முனையில் அம்மோனியம் ஃபியூமரேட் கரைசலைச் செலுத்த, மறுமுனையில் அஸ்பார்டிக் அமிலம் வந்தது. அதற்குமுன் ஒவ்வொரு தொகுதிக்கும் புதிய உயிரணுக்கள் வேண்டியிருந்தன. இப்போதோ கூழ்மத்தில் தங்கியவை தம் ஆற்றலில் பாதியை இழக்கவே ஏறத்தாழ 120 நாள் ஆயிற்று. பின்னர்க் கராஜீனன் என்னும் கூழ்மத்திற்கு மாறி, அதைக் கெட்டிப்படுத்தியபோது அக்காலம் இரண்டாண்டை நெருங்கியது.

கராஜீனன் சிவப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. சபாவின் செம்பூர்ணாக் கடலிலும், தமிழ்நாட்டின் மண்டபம் கடற்கரையிலும் அப்பாசியை வளர்க்கின்றனர். அதன் உறவுப்பொருளான அகார்-அகாரை நம் வீடுகளில் பண்டிகைக்குக் கிண்டி வார்க்கிறோம். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் அப்பெயர் மலாய்ச்சொல் என்பதை மாணவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சிபாட்டாவின் உருளைக்கலத்தில் உயிரணுக்கள் பெருகுவதில்லை. அவை சிதையத் தொடங்கிய பின்னரே விளைச்சல் கூடியது. உயிரணுவின் உறை தளரவே கரைசல் எளிதாக உட்புகுந்தது. உள்ளே எஞ்சிய அஸ்பார்டேஸ் என்னும் ஒரே நொதி வேலையைச் செய்தது. ஒரே படியில் முடியும் வினைக்கு அது போதும். சர்க்கரை மதுவாவது போன்ற பலபடி வினைக்கு உயிருள்ள உயிரணுவே வேண்டும். உயிர் இருந்தால் பசியும் இருக்கும். உயிர்வளி தேவைப்படும் பாக்டீரியாவைக் கூழ்மமணியில் அடைத்தால், அவ்வளி மணியின் மேற்புறத்தில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு ஆழம்வரையே எட்டும். எனவே உயிரணுக்கள் மணியின் விளிம்பில் நெருங்கி வளர, நடுப்பகுதி பட்டினி கிடக்கும். மணிகளைச் சிறிதாக வார்ப்பதற்கு இதுவே காரணம்.

இதை வகுப்பறையிலேயே காட்டலாம். ரொட்டிக்கு இடும் ஈஸ்ட்டைச் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் துளித்துளியாக விடுங்கள். துளிகள் மணிகளாக உறையும். ஈஸ்ட் பாக்டீரியா அன்று. ஆயினும் முறை அதுவே. அம்மணிகளைக் கழுவிச் சர்க்கரை நீரில் இட்டால், சற்று நேரத்தில் கரிவளி குமிழியிடும். நீரை வடித்துவிட்டு, அதே மணிகளை மறுமுறையும் பயன்படுத்தலாம்.

உம்பாய் அமைந்துள்ள ஜாசின் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் நிறைய உண்டு. செம்பனை ஆலைக் கழிவுநீரின் மாசை உயிர்வளித் தேவையால் அளக்கின்றனர். சுத்திகரிக்காத நீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். சட்டம் 1978இல் 5,000 வரை இடங்கொடுத்து, 1984இல் அவ்வரம்பை 100 ஆகக் குறைத்தது. அந்நீரைக் குளங்களில் வாரக்கணக்கில் தேக்கி வைப்பது ஏன்? மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. நீரை விரைந்து ஓடவிட்டால் அவையும் அதனுடன் அடித்துச் செல்லப்படும். ஆகவே நீரைத் தேக்குகிறோம். அதற்குப் பெருநிலம் வேண்டியிருக்கிறது. கலத்துள் துளைமிகு கற்களையோ பிளாஸ்டிக் வளையங்களையோ நிரப்பினால், நுண்ணுயிர்கள் அவற்றின்மேல் படலமாகப் படியும். அப்போது நீர் விரைந்து போகலாம், அவை நிற்கும்.

அதனால்தான் ‘நிலைநிறுத்திய உயிரணு’ என்று எழுதுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வளையங்களின்மேல் படிந்த நுண்ணுயிர்களை முடக்கியவர் எவருமில்லை. இடம் கிடைத்தது, அவையே ஒட்டிக்கொண்டன.