அடிமையிடம் பாடம் கேட்ட பேரரசர்



பத்தாம் ஆண்டு விழாவில் கிரேக்க, உரோம மெய்யியல் குறித்துப் பேசப் பணித்துள்ளீர்கள். தமிழுக்கு அது புதிதன்று. உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளை இராஜாஜி ‘ஆத்ம சிந்தனை’ என்று தந்தார். ‘சோக்ரதர்’ என்றொரு நூலும் எழுதினார். வெ. சாமிநாத சர்மா ‘பிளேட்டோவின் அரசியல்’ என்னும் மொழிபெயர்ப்பைத் தந்தார். 1956இல் ‘ராஜா ராணி’ திரைப்படத்தில் கலைஞரின் உரையாடலைப் பேசிச் சிவாஜி கணேசன் சாக்ரடீசாக நஞ்சுண்டார். ஏடு தொடாதவரும் அப்பெயரை அறிந்தனர்.

அறிந்தோம், கற்றோமா என்பதே என் வினா. மேலைச் சிந்தனை ஒன்றைக் கேட்டவுடன், ‘இதனை நம்மவர் அன்றே சொல்லிவிட்டார்’ என மகிழ்ந்து நூலை மூடிவிடுகிறோம். ஒப்பாய்வு தொடங்க வேண்டிய இடம் அதுவேயாகும்.

சான்றாக, உலகோர் அனைவரும் ஓரூரார் என்னும் கருத்தைக் காண்போம். அறிவு மாந்தர் யாவர்க்கும் பொது. ஆதலின் அறமும் பொது. ஆதலின் உலகம் ஒரே நகரம் என்று படிப்படியாக நிறுவுகிறார் மார்க்கஸ். கணியன் பூங்குன்றனார் புறநானூற்று 192ஆம் பாடலில், ஆற்று வெள்ளத்தில் அகப்பட்ட புணையைக் காட்டுகிறார். வாழ்வு ஊழின் போக்கில் செல்வது என்று தெளிந்தபின் உயர்ந்தவரைக் கண்டு மலைக்கவும் எளியவரைத் தாழ்த்தவும் இடமில்லை என்பது அவர் முடிவு. முன்னவர் அறிவின் பொதுமையிலிருந்து வருகிறார். பின்னவர் மனிதனின் எளிமையிலிருந்து வருகிறார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. சிலருக்கு அறிவு குறைவு என்று சொல்லிவிட்டால் முதல் வழி அடைபடும். அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில், ஆய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாதோர் இயல்பிலேயே அடிமைகள் என்று வாதிட்டார். இரண்டாம் வழியிலும் இடர் உண்டு. இழிவையும் ஊழென்று பொறுத்துக்கொள் என அதனைத் திரித்துவிடலாம். ஆகவே ஒன்றை மற்றொன்றால் உரசிப் பார்த்தல் வேண்டும்.

கூடலூரில் இது ஏட்டு வினா அன்று. 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோர் பலர் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். எது தம் ஊர் என்பதைப் பிறர் முடிவு செய்ய, அதனை வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள். அரிஸ்டாட்டிலை அவர்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும். படித்து மறுக்கவும் வேண்டும்.

மறுப்புக்குச் சான்று அவ்வுலகிலேயே உண்டு. எபிக்டெட்டஸ் அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற ஆசிரியர். அவருடைய உரைக்குறிப்புகளைத் தமக்குத் தந்தமைக்காக ருஸ்டிகஸ் என்னும் ஆசானுக்குத் தம் நூலின் தொடக்கத்திலேயே நன்றி கூறுகிறார் மார்க்கஸ். எபிக்டெட்டஸ் தாமே நூல் எழுதி வைத்தவர் அல்லர். மாணவர் அர்ரியன் எழுதி வைத்தவையே இன்று நம் கைக்கு வந்துள்ளன.

கவிஞர்களே, இக்குன்றுகளில் கொழுந்து பறிப்போரிடையே சிந்திப்போர் உளர். அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்போர் வேண்டும். வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணி அதுவாகுக.