வைரத்தின் விலையும் பட்டை தீட்டுபவன் கூலியும்

(மதுரையில் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு வைரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நியாயம்தான். பதிலி வேலைக்கு ஆலை வாசலில் காத்துக் கிடப்பவருக்கும், அறுவடை மிஷின் வந்தபிறகு கதிரறுப்பு இல்லாமல் நிற்பவருக்கும் வைரத்தோடு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் பலருடைய மூக்கிலும் காதிலும் ஒரு வெள்ளைக் கல் மின்னுகிறது. கடையில் அந்த நகையை வாங்கியபோது கல்லுக்கும் காசு கொடுத்தீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, பள்ளிக்கூடச் செலவு என்றோ அதே நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே என்ன நடக்கிறது? கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் கடன் எழுதுகிறார்கள். வாங்கும்போது விலையுள்ள கல், நம் கையை விட்டுப் போகும்போது விலையில்லாத கல்லாகிவிடுகிறது. (ஹால்மார்க் நகைக்குக் கொடுக்கும் பில்லில் தங்கத்தின் நிகர எடையைக் காட்ட வேண்டும் என்பது விதி. பில்லைக் கேட்டு வாங்குங்கள், வாங்கியதைப் படித்தும் பாருங்கள்.)

அப்படியானால் அந்தக் கல்லின் விலை எங்கிருந்து வந்தது? எங்கே போனது? இதுதான் இன்றைய வகுப்பு.

மதுரைக்குக் கல் புதிதல்ல. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் இந்த ஊர் வீதிகளைச் சுற்றிவருகிறான். நவமணி விற்கும் கடைவீதி வருகிறது. எது குற்றமுள்ள வைரம், எது குற்றமற்ற வைரம் என்று பிரித்தறியத் தெரிந்த வணிகர்கள் அங்கே இருக்கிறார்கள். அவ்வளவு சோதனை தெரிந்த ஊரில், சிலம்புக்குள் இருப்பது மாணிக்கமா முத்தா என்று பார்க்கும் முன்பே ஓர் அந்நியனின் உயிர் போயிற்று. கீழடியில் தோண்டியபோதும் சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் வைகைக் கரையில் கிடைப்பதல்ல; மேற்கே குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதே வகைக் கல்லைக் குஜராத்தின் கம்பாத் ஊரில் தலைமுறை தலைமுறையாக அரைத்துத் தீட்டிவருகிறார்கள். கல் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயால் அங்கே ஆட்கள் சாகிறார்கள். பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் மூக்குத்திக் கல்லுக்கு வருவோம். அது பெரும்பாலும் வைரமல்ல. கடைக்காரர் அதை 'அமெரிக்கன் டைமண்ட்' என்பார், 'ஏ.டி. கல்' என்பார். அமெரிக்காவுக்கும் அதற்கும் பெயர்தான் உறவு! சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடை உருக்கி இந்தக் கல்லைப் பெரிய அளவில் வளர்க்கும் முறையை 1970களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தியவர்கள் மாஸ்கோ லெபதேவ் இயற்பியல் கழகத்தின் சோவியத் விஞ்ஞானிகள். அந்தக் கழகத்தின் பெயரிலிருந்தே அங்கே அதற்கு 'ஃபியானிட்' என்று பெயரிட்டார்கள். நம் ஊருக்கு வரும்போது அது அமெரிக்கனாகிவிட்டது. விளம்பரத்தின் வேலை இப்படித்தான் இருக்கும்.

இந்த வகைக் கல்லைத் தீட்டுவதில் நம் திருச்சி உலகப் பெயர் பெற்றது. சிர்கோனியா வருவதற்கு முன்பே, சுவிட்சர்லாந்தில் உலையில் உருக்கிச் செய்த செயற்கைக் கெம்பும் நீலமும் கச்சாவாகத் திருச்சிக்கு வந்தன. நகரத்துச் சந்துகளிலும், சுற்றிலுமுள்ள கிராமங்களிலும், புதுக்கோட்டைப் பக்கத்திலும் வீட்டுத் திண்ணைகளே பட்டறைகளாயின. குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் சாணையில் பிடித்து ஒவ்வொரு பட்டையாக எடுக்க வேண்டும். கல்லோ கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஆணும் பெண்ணும் குனிந்த தலை நிமிராமல் செய்த வேலை. கூலி கல் கணக்கில். வியாபாரி கச்சாவைக் கொடுப்பான், தீட்டியதை எண்ணி வாங்குவான். உடைந்தாலும் தொலைந்தாலும் கூலியில் பிடித்தம். தறி நெய்கிறவருக்குப் பாவும் நூலும் கொடுத்து வாங்கும் அதே ஏற்பாடுதான்.

1990களின் கடைசியில் சீனாவிலிருந்து, முக்கியமாக வூசோ நகரத்திலிருந்து, மிஷினில் தீட்டிய கல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. நூறு கல்லும் ஒரே அச்சு. விலையோ நம் கைவேலைக்கான கூலியைவிடக் குறைவு. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. கல் வியாபாரி என்ன ஆனான்? சீனக் கல்லை வாங்கி விற்கும் வியாபாரியானான். பட்டை தீட்டியவன் கட்டட வேலைக்குப் போனான், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். சரக்கு மாறினாலும் வியாபாரிக்குத் தொழில் இருந்தது. கைத்திறன் ஒன்றையே முதலாக வைத்திருந்தவனுக்கு அந்த முதல் ஒரே வருஷத்தில் செல்லாக் காசாயிற்று.

செயற்கைக் கல்லின் கதை இது. நிஜ வைரத்தின் கதை என்ன?

வைரம் அரிய பொருள், அதனால்தான் விலை என்று சொல்லுவார்கள். 1720களில் பிரேசிலில் கண்டெடுக்கும் வரை உலகத்துக்கே வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் நாடு. கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 60,000 பேர் வேலை செய்ததாக 17ஆம் நூற்றாண்டில் வந்துபோன பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே எழுதிவைத்தார். தோண்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. கல்லுக்கு மட்டும் கோகினூர் என்று பெயருண்டு.

1867இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. சில வருஷங்களில் கிம்பர்லியில் கல் குவியத் தொடங்கியது. இனி அரிய பொருள் அல்ல! முதலாளிகள் நடுங்கினார்கள். 1888இல் செசில் ரோட்ஸ் என்ற பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி சுரங்கங்களை ஒன்றாகச் சேர்த்து டி பியர்ஸ் கம்பெனியை அமைத்தான். கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தம் முடியும்வரை வேலி போட்ட கொட்டடிக்குள் அடைத்தார்கள். வெளியே விடுமுன் நாள்கணக்கில் தனியே வைத்து, கல்லை விழுங்கியிருக்கிறானா என்று பேதி மருந்து கொடுத்துச் சோதித்தார்கள். நம் ஆலை வாசலில் நடக்கும் சோதனையையே அவமானம் என்கிறோம்.

1932இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தபோது டி பியர்ஸ் தன் சுரங்கங்களை மூடியது. நெல் களத்தில் கிடக்கும்போது ஒரு விலை, வியாபாரியின் குடோனுக்குள் போய்ப் பூட்டு விழுந்தபிறகு ஒரு விலை என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. உலக வைரத்தில் பெரும்பகுதியை லண்டனில் ஒரே குடோனில் பூட்டிவைத்து, வருஷத்துக்குப் பத்து முறை, தான் பொறுக்கி எடுத்த சில வியாபாரிகளுக்கு மட்டும், தான் சொன்ன விலைக்கு விற்றது அந்த ஏகபோகம். சைபீரியாவில் 1950களில் வைரம் கண்டெடுத்த சோவியத் நாடும் அந்த ஒரே கடை வழியாகத்தான் விற்றது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தையைக் கையில் வைத்திருந்தவன் எதிர் முகாமையும் தன் வாசலுக்கு வரவழைத்தான்.

ஆனால் நெல்லுக்கும் வைரத்துக்கும் ஒரு வித்தியாசம். நெல்லைப் பூட்டினால் வயிறு கேட்கும். வைரத்தைப் பூட்டினால் யார் கேட்பார்கள்? அதனால் ஆசையையும் அவர்களே உற்பத்தி செய்தார்கள். வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற பொருள்படும் விளம்பரம் 1947இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. கல்யாணம் என்றால் வைர மோதிரம் என்ற வழக்கமே பெருமளவுக்கு அந்த விளம்பரத்தால் வளர்ந்தது. வாங்கியதை யாரும் திருப்பி விற்கக்கூடாது என்பதும் அதன் உள்நோக்கம். ஜனங்களின் பெட்டிகளில் இருக்கும் கல் சந்தைக்கு வந்தால் விலை என்னாகும்? அடகுக் கடைக்காரர் கல்லைக் கழிப்பதன் ரகசியம் இதில் பாதி இருக்கிறது.

எவ்வளவு வைரம் வருகிறது? 2023இல் உலகம் முழுவதும் சுரங்கத்திலிருந்து எடுத்தது சுமார் 11 கோடி காரட். ஐந்து காரட் ஒரு கிராம். கணக்குப் போட்டால் 22 டன். கீழ மாசி வீதியில் சரக்கு இறக்கும் பெரிய லாரி இரண்டு போதும். அதில் நகைக்கு ஆகிற கல் ஒரு பகுதிதான். இந்த இரண்டு லாரிச் சரக்குக்காகத்தான் சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் துப்பாக்கி வாங்கினார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்த அதே 1867இல்தான் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் பாகம் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே வைரம் வருகிறது. கல்லைத் தேடி எடுக்கச் செலவாகும் உழைப்புத்தான் மதிப்புக்கு அடிப்படை. கரியைக் குறைந்த உழைப்பில் வைரமாக்க வழி கண்டால் அது செங்கல்லைவிட மலிவாகக்கூடும் என்பது அங்கே அவர் காட்டும் உதாரணம். அன்றைக்கு இது கேலியாகப் பட்டிருக்கும். 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் கரியிலிருந்து வைரம் செய்தார்கள். இன்று வாயுவிலிருந்து படலம் படலமாக வைரத்தை வளர்க்கிறார்கள். அது போலி அல்ல, தோழர்களே. அதே கரி, அதே கடினம், அதே ஒளி. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, கருவி வேண்டும்.

விலை என்ன ஆயிற்று? பத்து வருஷங்களுக்கு முன் இந்த லேப் வைரம் சுரங்கக் கல்லைவிடக் கொஞ்சம்தான் மலிவு. இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. 2018இல் டி பியர்ஸ் தானே காரட் 800 டாலருக்கு லேப் வைரம் விற்கக் கடை திறந்தது. 2025இல் அதை மூடுவதாக அறிவித்தது. அதன் தாய்க் கம்பெனியான ஆங்கிலோ அமெரிக்கன், டி பியர்ஸையே கைகழுவப்போவதாக 2024 மே மாதத்தில் சொன்னது. நம் பிரதமர் 2023இல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவிக்கு ஏழரைக் காரட் லேப் வைரம் ஒன்றைப் பரிசளித்தார். அதன் மதிப்பு 20,000 டாலர் என்று அமெரிக்க அரசு பதிவு செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கான ஆராய்ச்சிக்கு 5 வருஷத்துக்கு சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். விஞ்ஞானம் வளர்வதை நாம் எதிர்க்கவில்லை. விலை இறங்கினால் நல்லது என்றுகூடச் சொல்லலாம். இறங்கிய விலை யார் தலையில் இறங்கியது என்பதே கேள்வி.

போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966இல் விடுதலை பெற்ற, ஏற்றுமதியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வைரத்தையே நம்பிய நாடு. சந்தை விழுந்ததும் அரசாங்கப் பெட்டி காலியானது. மருந்துத் தட்டுப்பாட்டால் 2025 ஆகஸ்டில் அங்கே பொதுச் சுகாதார அவசர நிலை அறிவித்தார்கள்.

நம் நாட்டில் அது சூரத் நகரத்தின் மீது விழுந்தது. உலகத்தில் தீட்டப்படும் வைரம் பத்தில் ஒன்பது சூரத்தில்தான் தீட்டப்படுகிறது. சௌராஷ்டிரத்து அம்ரேலி, பாவ்நகர் பக்கத்தில் மழை பொய்த்து நிலத்தை விட்டு வந்த விவசாயிகளின் பிள்ளைகள்தான் அந்தத் தொழிலாளர்கள். சக்கரம் ஒன்றைச் சுற்றி நான்கு பேர். 'ரத்ன கலைஞர்' என்று அவர்களுக்குப் பெயர். பெயர் பெரிது, சம்பளச் சீட்டும் வைப்பு நிதியும் பெரும்பாலான பட்டறைகளில் கிடையாது. கூலி திருச்சியைப் போலவே கல் கணக்கில்.

2023 டிசம்பரில் அங்கே உலகத்திலேயே பெரிய அலுவலகக் கட்டடம் என்று வைரச் சந்தை மாளிகை ஒன்றைப் பிரதமர் திறந்துவைத்தார். அந்தச் சமயத்திலேயே தொழில் சரிந்துகொண்டிருந்தது. சீனாவில் வாங்குவோர் குறைந்தார்கள். ரஷ்யக் கல்லுக்கு 2024இல் ஜி-7 நாடுகள் தடை போட்டன. உலக வைர நகையில் ஏறத்தாழ பாதியை வாங்குவது அமெரிக்கா. அது 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தது. அதற்கு முன்பே 2021-22இல் சுமார் 2,400 கோடி டாலராக இருந்த தீட்டிய வைர ஏற்றுமதி 2024-25இல் சுமார் 1,330 கோடி டாலராகிவிட்டிருந்தது. 2024 ஆகஸ்டில் ஒரே கம்பெனி 50,000 பேருக்குப் பத்து நாள் விடுமுறை என்று எழுதி ஒட்டியது. நம் பாஷையில் லே-ஆஃப்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுரங்கக் கல்லானாலும் லேப் கல்லானாலும் தீட்டும் பட்டை 57தான். கண்ணும் முதுகும் படும் பாடு ஒன்றுதான். ஆனால் மலிந்த கல்லுக்குக் கூலியும் மலிவு என்று கணக்கு எழுதினார்கள். வேலை நாளைக் குறைத்தார்கள். கந்துவட்டிக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் குறையவில்லை. தற்கொலைகள் தொடர்ந்தபோது, 2024 ஜூலையில் அங்குள்ள வைரத் தொழிலாளர் சங்கம் தொலைபேசி உதவி எண் ஒன்றைத் திறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அழைத்தார்கள். வேலை வேண்டும், வாடகை கட்ட வேண்டும் என்பதே அந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றின் சாரம்.

2025 மார்ச் 30ஆம் தேதி சூரத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊர்வலமாகப் போனார்கள். கூலி உயர்வு, நல வாரியம், இறந்தவர் குடும்பங்களுக்கு உதவி என்பவை கோரிக்கைகள். சங்கம் என்ற சொல்லே அதிகம் புழங்காத தொழிலில் இது சின்ன விஷயமல்ல. மே மாதம் குஜராத் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது: வேலையிழந்தவரின் பிள்ளைக்கு வருஷத்துக்கு 13,500 ரூபாய் வரை பள்ளிக் கட்டணம், சிறு பட்டறைக்காரர்களுக்குக் கடன் வட்டியில் சலுகை. போராடியதால் கிடைத்தது அது. கல் ஒன்றுக்கு என்ன கூலி என்ற கணக்கை அந்தத் திட்டம் தொடவில்லை. அதைப் பட்டறை முதலாளியின் நோட்டுப் புத்தகத்திலேயே விட்டுவிட்டது.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.